காத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

அகிலத்திரட்டு அம்மானை என்று பேச்சை எடுத்தாலே நம் வாசக நண்பர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, "அது பக்தி நூலாச்சே, இலக்கியத்துல எங்க வருது?" இன்னொன்று, "வைகுண்டர் பெரிய சமூகச் சீர்திருத்தவாதிங்க." முதலாவதைச் சொல்பவர்கள் படிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் படித்தாலும் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தலைவரி, தோள்சீலை, தீண்டாமை, பொதுக்கிணறு எல்லாம் அவர்கள் கண்ணில் படும். கடலுக்குள் போன ஒரு மனிதர் மூன்றாம் நாள் திருமாலின் மகனாகக் கரையேறினார், இந்த யுகமே அவரோடு முடியப்போகிறது என்று அந்த நூல் பதினைந்தாயிரம் அடிகளுக்கு மேல் விடாமல் சொல்வதை மட்டும் சங்கடத்தோடு ஒதுக்கி வைப்பார்கள், வீட்டுக்கு விருந்தாளி வரும்போது சாமியாடுகிற பெரியம்மாவை உள்ளறைக்கு அனுப்புவதுபோல.

என் கட்சி வேறு. மீட்பர் வருகிறார், வந்துவிட்டார் என்ற நம்பிக்கைதான் அந்த நூலின் எஞ்சின். அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் விமர்சனம் ஆகாது. இந்த நம்பிக்கையை ஒரு இலக்கிய வடிவமாகப் படிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்தது தமிழ்ப் புத்தகம் எதுவும் இல்லை. ஜெருசலேமில் வாழ்ந்த கெர்ஷோம் ஷோலெம் எழுதிய யூத வரலாறு. சுற்றுவழிதான். ஆனால் அந்த வழியாகப் போனதால்தான் சில விஷயங்கள் தெரிந்தன.

முதலில் நூல். கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகையில், அதாவது 1840 முடியும் நேரத்தில், வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் எழுதியது. அச்சேறியதோ 1939இல்தான். நடுவில் நூறு வருஷம் ஓலையிலும் வாயிலுமாக உயிரோடு இருந்திருக்கிறது. ஓலைப் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, அதனால் பதிப்புகளும் ஒத்துப்போவதில்லை. நாஞ்சில் நாட்டுப் பேச்சு, விருத்தம், நடை எல்லாம் கலந்த மொழி. பண்டிதர்கள் கண்ணில் பிழைகள் குவிந்த நூல். எழுதியவரே இது என் நூல் இல்லை என்கிறார். திருமால் லட்சுமிக்குச் சொல்ல, அது சீடர் வழியாக ஏட்டில் இறங்கியது என்பதுதான் நூலின் ஏற்பாடு. நடந்ததும் நடப்பதும் நடக்கப்போவதும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வரும். இன்னும் வராத தர்மயுகத்தைச் சொல்லும்போது, முடிந்துபோன திரேதாயுகத்தைச் சொல்கிற அதே நிதானம். புனைவு வாசகனாக எனக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. தீர்க்கதரிசி எச்சரிப்பார், மிரட்டுவார். இங்கே ஒரு கணவர் மனைவிக்குக் கதை சொல்கிறார்.

கதையின் கணக்கு அழகானது. மொத்தம் எட்டு யுகம். முதல் யுகத்தில் குறோணி என்ற அசுரன் உலகத்தையே விழுங்கப் பார்க்கிறான். திருமால் அவனை ஆறு துண்டாக வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டும் அடுத்தடுத்த யுகத்தில் ஒவ்வொரு பிறவியாக வருகிறது. இராவணன் ஒரு துண்டு, துரியோதனன் ஒரு துண்டு. ஆறாவது துண்டு கலியன். எட்டாவது யுகத்துக்குத் துண்டு மிச்சமில்லை. அதுதான் தர்மயுகம். ராமாயணத்தையும் பாரதத்தையும் ஒரே பகையின் தவணைகளாக மாற்றிவிட்டு, கடைசித் தவணை திருவிதாங்கூரில், இப்போது, உங்கள் கண்முன்னால் நடக்கிறது என்று சொல்கிற துணிச்சல் சாதாரணமானதா? மன்னர் இதில் கலிநீசன். வெள்ளைக்காரன் வெண்நீசன். இரண்டு பேரையும் ஒரே நூலில், ஒரே மூச்சில் எதிர்த்த தமிழ் எழுத்து அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

*

யூதர் பக்கம் வருவோம். எங்கள் மலேசியாவில் யூதர் என்ற சொல் செய்தி அறிக்கையில் மட்டும்தான் காதில் விழும். ஆனால் ஜார்ஜ்டவுன் நகரத்துக்குள்ளேயே ஒரு யூதர் இடுகாடு இருக்கிறது. 1805இல் தொடங்கியது. அந்தச் சாலைக்கு முன்பு பெயரே ஜாலான் யஹுடி. பிறகு ஜாலான் ஜைனல் அபிடின் என்று மாற்றினார்கள். உள்ளே நூற்றுச் சொச்சம் கல்லறைகள், முக்கோணக் கூரை போட்ட கல்பெட்டிகள் மாதிரி. பெரும்பாலும் பாக்தாத் வழியாக வியாபாரத்துக்கு வந்தவர்கள். 1835இல் இறந்த ஒரு பெண்ணுடையதுதான் இருக்கிற கல்லறைகளில் பழையது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் திருச்செந்தூர்க் கடலில் முத்துக்குட்டி என்ற இளைஞர் இறங்கினார். இந்த இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தாலும் இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்தத் தேதி மனசில் ஒட்டிக்கொண்டது.

யூத மரபில் மெசியா என்றால் எண்ணெய் பூசப்பட்டவர், அரசராக முடி சூட்டப்பட்டவர் என்று பொருள். தாவீதின் வம்சத்தில் ஒருவர் வருவார், சிதறிய மக்களைச் சேர்ப்பார், இடிந்த கோயிலைக் கட்டுவார். கி.பி. 70இல் ரோமர்கள் ஜெருசலேம் கோயிலை இடித்த பிறகு இந்தக் காத்திருப்பு கூர்மையானது. 132இல் சீமோன் பார் கோசிபா ரோமர்களுக்கு எதிராகக் கிளம்பினார். அந்தக் காலத்தின் மிகப்பெரிய அறிஞர் அகிபாவே இவர்தான் அவர் என்று சொல்லி, 'நட்சத்திரத்தின் மகன்' என்று பொருள்படும் பார் கோக்பா பெயரைக் கொடுத்தார். இன்னொரு அறிஞர், அகிபா செத்துப் புல் முளைத்தாலும் அவர் வரமாட்டார் என்ற ரீதியில் கிண்டல் அடித்ததையும் தல்மூத் மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. மூன்றரை வருஷத்தில் எல்லாம் முடிந்தது. பெயரில் ஒரு எழுத்தை மாற்றி 'பொய்யின் மகன்' ஆக்கிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் பின்னாடி நடந்தது. 1950களிலும் 1960இலும் யூதேயப் பாலைவனக் குகைகளில் அவருடைய கடிதங்கள் கிடைத்தன. யுகத்தை முடிக்க வந்தவரின் கடிதங்களில் என்ன இருக்கும்? பண்டிகைக்கு ஈச்ச ஓலையும் எலுமிச்சைச் சாதிப் பழமும் அனுப்பு. சொன்ன வேலையை ஏன் செய்யவில்லை, தண்டனை உண்டு. இப்படித்தான் போகிறது. மேலாளர் அனுப்புகிற மின்னஞ்சல் மாதிரியே இருக்கிறது. போர்க்களத்தின் நடுவில் ஒரு மனிதர் தன் ஆட்களுக்குத் திருவிழாப் பொருள் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்படுகிறார். அந்தக் கவலையை வைத்துத்தான் நான் அவரை நம்புகிறேன்.

இதற்கெல்லாம் ஆயிரம் வருஷம் கழித்து மைமோனிடெஸ் வந்து சட்டம் போட்டார். மெசியா வந்து அற்புதம் காட்டத் தேவையில்லை. வென்றால், கோயிலைக் கட்டினால், சிதறியவர்களைச் சேர்த்தால் அவர்தான். தோற்றாலோ கொல்லப்பட்டாலோ அவர் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு சில்லை வெளியே அனுப்புமுன் வைக்கிற சோதனை இப்படித்தான். தேறினால் போகும், தேறாவிட்டால் குப்பைக்கு. நடைமுறையில் யாரும் இந்தச் சட்டத்தைப் பின்பற்றவில்லை என்பதுதான் வரலாறு.

*

சபத்தாய் செவி 1626இல் இஸ்மிர் நகரத்தில் பிறந்தவர். சில நாள் ஒளிவட்டம் போட்டவர்போல மிதப்பார், சில நாள் இருட்டறையில் கிடப்பார். மிதக்கும் நாட்களில் சொல்லக்கூடாத கடவுள் பெயரைச் சத்தமாகச் சொல்வார், விரத நாளை விருந்து நாளாக்குவார். ஊர் ஊராக விரட்டினார்கள். 1665இல் காசாவைச் சேர்ந்த நாதன் என்ற இளைஞரிடம் மனநோய்க்கு வைத்தியம் கேட்டுத்தான் போனார். நாதனோ "நீங்கதான் மெசியா" என்று அறிவித்துவிட்டார். ஏமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை பற்றிக்கொண்டது. வணிகர்கள் கடையைக் கட்டினார்கள், வீட்டை விற்றார்கள். ஹாமெலின் கிளுக்கெல் என்ற வணிகக் குடும்பத்துப் பெண் யித்திஷ் மொழியில் எழுதிய நினைவுக்குறிப்பில் ஒரு காட்சி வரும். அவருடைய மாமனார் இரண்டு பெரிய பீப்பாய்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பி வைக்கிறார். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி என்று கெட்டுப்போகாத சாப்பாடு. புனித பூமிக்குக் கப்பல் எந்த நேரமும் கிளம்பலாம், தயாராக இருக்க வேண்டுமே! பீப்பாய்கள் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தன.

1666 செப்டம்பரில் சுல்தான் முன்னால் சபத்தாயை நிறுத்தினார்கள். மதம் மாறு, இல்லாவிட்டால் தலை போகும். அவர் தலைப்பாகையை வாங்கிக் கட்டிக்கொண்டார். புதுப் பெயர், அரண்மனைப் பதவி, மாதாந்தரப் படி. 1676இல் அல்பேனியக் கரையோரத்தில் நாடுகடத்தப்பட்டவராகச் செத்துப்போனார்.

ஷோலெம் எபிரேயத்தில் 1957இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கம் ஓடுகிற புத்தகம் இந்தக் கதையை மோசடிக்காரனின் கதையாக எழுத மறுக்கிறது. அதற்கு முந்தைய யூத அறிஞர்கள் பலர் வெட்கப்பட்டு மூடிவைத்த விஷயம் இது. நம்மூரில் பெரியம்மாவை உள்ளறைக்கு அனுப்புகிற அதே வெட்கம். ஷோலெம் கேட்ட கேள்வி: தலைப்பாகை கட்டிய மறுநாள் நம்பியவர்கள் என்ன செய்தார்கள்? பலர் வீடு திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. நாதன் அவர்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். படைப்பின்போது சிதறிய ஒளித்துளிகள் தீமையின் ஓட்டுக்குள் சிக்கியிருக்கின்றன, கடைசித் துளியை மீட்க மெசியாவே அந்த ஓட்டுக்குள் இறங்கியாக வேண்டும், அவருடைய மதமாற்றம் அந்த இறக்கம்தான் என்றார். தோல்வியே சான்றாக மாறியது. 1683இல் சலோனிக்காவில் முந்நூறு குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறி, உள்ளுக்குள் சபத்தாயை நம்பிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

தீர்க்கதரிசனம் பொய்த்தால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 1956இல் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் எழுதிய உளவியல் புத்தகம் ஒன்று உண்டு. நம் நண்பர்கள் எடுத்ததற்கெல்லாம் மேற்கோள் காட்டுவது. எனக்கு அதில் திருப்தி இல்லை. இறுகியது என்பது சரி, எந்த வடிவத்தில் இறுகியது? நான் பாயான் லெப்பாஸில் பழுதான சில்லுகளை அறுத்துப் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறேன். "வெப்பத்தால் கெட்டது" என்று அறிக்கை எழுதினால் என் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எந்த அடுக்கு, எந்த இணைப்பு, முதலில் எது விட்டது என்று கேட்பார். விமர்சனத்துக்கும் அந்தக் கேள்விதான் வேண்டும்.

*

தலைப்பாகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1809 வாக்கில் இன்றைய சாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். சாணார் வீட்டுக் குழந்தைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியினர் ஆட்சேபிக்க, பெயர் முத்துக்குட்டி ஆனது. பெயரில்கூட முடி சூடக்கூடாது. அந்தச் சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மேலாடை போடக்கூடாது, தலைக்கு வரி கட்ட வேண்டும். 1833 மாசி 20இல் கடலிலிருந்து எழுந்து வந்தவர் தன் பின்னால் வந்தவர்களிடம் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். இன்றைக்கும் பதிகளில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் வணங்குகிறார்கள். கோயிலுக்குள் தலைத்துணியை அவிழ்ப்பதுதான் பக்தி என்று பழகிய நாட்டில், கட்டிக்கொள்வது பக்தி. உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். தலைப்பாகை கட்டிய தன் முகத்தையே பார்த்துக் கும்பிட வேண்டும்.

சபத்தாய் தலைப்பாகை கட்டினார், அவர் மக்கள் தலை குனிந்தார்கள். வைகுண்டர் மக்களுக்குக் கட்டிவிட்டார். சரக்கு ஒன்றுதான், ஆனால் வரலாற்றில் எதிர் எதிர் வேலை செய்திருக்கிறது. நான் வலிந்து பிணைக்கிற ஒப்புமை என்று சிலர் சொல்லலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அரசுதான் யார் தலையில் எது இருக்கலாம் என்று முடிவு செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

சுவாதித் திருநாள் அரசு வைகுண்டரைக் கைது செய்து திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தது. பசித்த புலியின் கூண்டில் விட்டதாகவும் புலி தொடவில்லை என்றும் அம்மானை சொல்கிறது. 1839இல் விட்டார்கள். இனி உன் சாதியாரோடு மட்டும்தான் புழங்க வேண்டும் என்று எழுதிக் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் மரபு சொல்கிறது. நாதனுக்கு வந்த சிக்கல்தான் அரிகோபாலனுக்கும் வந்திருக்கும். உலகத்தை ஆள வந்தவர் நூறு நாளுக்கு மேல் சிறையில் கிடந்தாரே, அது எப்படி?

இங்கேதான் அம்மானையின் கட்டுமானம் என்னை அசத்துகிறது. பதில் நூலின் முன்பகுதியிலேயே விதைக்கப்பட்டுவிட்டது. கலியன் வரங்களெல்லாம் வாங்கிக்கொண்டு வரும் வழியில் திருமால் ஒரு பண்டார வேடத்தில் நிற்கிறார். ஆயுதம் இல்லாத பிச்சைக்காரனோடு எனக்கென்ன சண்டை என்று கலியன் இளக்காரம் செய்கிறான். அந்த இளக்காரத்திலேயே ஒரு சத்தியமும் செய்துவிடுகிறான். பண்டாரங்களுக்கு இடைஞ்சல் செய்யமாட்டேன், செய்தால் என் வரமெல்லாம் போகட்டும், குலத்தோடு நாசமாகிறேன் என்று. பல நூறு பக்கம் கழித்து வைகுண்டர் பண்டாரமாக வருகிறார். வாள் இல்லை, குதிரை இல்லை. கல்கி என்றால் நமக்குத் தெரிந்த படம் எதுவும் இங்கே இல்லை. கலிநீசன் அவரைக் கட்டி இழுத்துப்போகிறான். கைது நடந்த கணத்தில் கலியனின் சத்தியம் உடைந்துவிடுகிறது. அவர் அடிபட்டது தோல்வியில்லை, பொறி வேலை செய்தது.

நாதனின் விளக்கம் சம்பவத்துக்குப் பிறகு ஒட்டிய ஒட்டு. அதை நம்புவதற்கு நீங்கள் ரகசிய ஞானம் கற்றிருக்க வேண்டும். அரிகோபாலனும் சம்பவத்துக்குப் பிறகுதான் எழுதினார், ஆனால் அதைக் கதையின் தொடக்கத்துக்கு நகர்த்தி ஒரு சத்தியமாக வைத்தார். சத்தியம் தவறினால் குடி அழியும் என்பது பனையேறிக்கும் புரியும், பாட்டிக்கும் புரியும். மீட்பர் அடிபடுவதால் வெல்கிறார் என்ற கருத்து பக்கத்திலேயே புழங்கிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. சாமித்தோப்புக்குக் கூப்பிடு தூரத்தில் மயிலாடியில் 1806இலிருந்தே லண்டன் மிஷன் இருந்தது. மூன்றாம் நாள் எழுந்து வந்த கதை அந்த வட்டாரக் காதுகளுக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது. கடன் வாங்கினார்களா என்று கேட்டு வழக்கு நடத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கேட்ட கதையைப் பண்டாரமாக்கி, ஏசுவைச் சொன்ன வெண்நீசனையே அதில் குற்றவாளியாகவும் நிறுத்தியது அந்த ஊர்ச் சாமர்த்தியம்.

*

ஷோலெமோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. 1959இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், மெசியாவை எதிர்பார்த்து வாழ்வது ஒத்திப்போட்ட வாழ்க்கை என்கிறார். எதையும் இப்போது முழுசாகச் செய்ய முடியாது, எல்லாமே அவர் வரும்வரை தற்காலிகம், அதில் மகத்துவமும் உண்டு, பலவீனமும் உண்டு என்பது அவர் வாதம். ஹாம்பர்க்கில் கிடந்த பீப்பாய்களுக்கு இது பொருந்தும். சாமித்தோப்புக்குப் பொருந்தவில்லை.

சிறையிலிருந்து வந்த பிறகு வைகுண்டர் ஒரு காரியம் செய்தார். சுமார் எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். துவையல் தவசு என்று பெயர். பெயரைப் பாருங்கள், துவையல்! தினம் பலமுறை குளிக்க வேண்டும், துணியைத் துவைக்க வேண்டும், மீன் இறைச்சி கூடாது, ஒரு வேளைச் சோறு, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். பிறகு முட்டப்பதி. துவைத்த துணியும் குளித்த உடம்புமாக, தீண்டத்தகாதவன் என்று சொன்ன சொல்லையே கடல்தண்ணீரில் அலசினார்கள் என்று எழுதலாம்தான். ஆனால் அது கொஞ்சம் கவிதையாகப் போய்விடும். அங்கே இருந்த கஷ்டமும் உண்மை. நோயும் பட்டினியும் இருந்திருக்கும், சிலர் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். தர்மயுகத்துக்குக் காத்திருந்தவர்கள் எதையும் ஒத்திப்போடவில்லை. வரப்போகிற யுகத்தில் எப்படி எழுந்து, குளித்து, உண்பார்களோ அப்படியே இப்போது எழுந்து, குளித்து, உண்டு பழகினார்கள். அங்கிருந்து திரும்பியவர்கள்தான் ஊர் ஊராக நிழல்தாங்கல்களைப் பரப்பினார்கள்.

1851இல் வைகுண்டர் மறைந்தார். கலிநீசன் சிம்மாசனத்தில்தான் இருந்தான். எட்டு வருஷம் கழித்து, 1859 ஜூலையில், நாடார் பெண்கள் மேலுடம்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக்கூடாது என்று ஒரு அரைகுறை உத்தரவு வந்தது. மைமோனிடெஸின் சோதனையில் வைகுண்டர் தேறமாட்டார்.

*

எங்கள் கதைக்கு வருகிறேன். என் தாத்தா கெடாவில் சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய சாமி மேடையில் முருகனுக்கு இடப்பக்கம் ராணுவத் தொப்பி போட்ட நேதாஜி படம் இருந்தது. அதற்கும் ஊதுபத்தி உண்டு. "தைவான்ல பிளேன் விழுந்துச்சுன்னு சொன்னது வெள்ளக்காரன் கட்டுன கத"னு அவர் சொல்லும்போது வீட்டில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். சிரித்தது நாங்கள், பேரப்பிள்ளைகள்.

சுபாஷ் சந்திர போஸ் கிழக்கே வந்ததே ஒரு அவதாரக் கதை மாதிரிதான். ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நடுக்கடலில் அவரை ஏற்றிக்கொண்ட ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 புறப்பட்டது எங்கள் பினாங்கிலிருந்து, 1943 ஏப்ரலில். கடலுக்குள் போனவர் கரையேறியதும், ஜூலையில் சிங்கப்பூர் மேடையில் நின்றார். ரப்பர் மரத்தையும் கங்காணியையும் தவிர வேறு தெரியாத மக்கள் முன்னால் ஒருவர் வந்து "உங்களை வைத்துத்தான் இந்தியா விடுதலையாகும்" என்ற பொருளில் பேசினால் எப்படி இருந்திருக்கும்? பெண்கள் நகையைக் கழற்றினார்கள். கோலாலம்பூர்க் கூட்டத்தில் காதணியைக் கழற்றிக் கொடுத்த பதின்வயதுப் பெண் ஜானகி தேவர் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதிகாரியாகவே உயர்ந்தார். 1945 ஆகஸ்ட் 18இல் தைவானில் விமானம் விழுந்தது. அதற்குப் பிறகு இந்திய அரசு மூன்று விசாரணை வைத்தது, 1956, 1970, 1999 என்று. மூன்றாவது, அவர் அந்த விபத்தில் சாகவில்லை என்றது. அரசு அதை ஏற்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் தமிழ்நாட்டில் மேடைதோறும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவந்தார். தோட்டங்களில் அதைச் சொல்ல மேடை தேவைப்படவில்லை.

இந்தக் காத்திருப்பை இதுவரை நாம் அனுதாபத்தோடோ கேலியோடோதான் பார்த்திருக்கிறோம். அ. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' மாதிரி படையை எழுதிய நாவல் நம்மிடம் உண்டு. படை கலைந்த பிறகு லயத்துக்குத் திரும்பியவர்களை எழுத இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கெடாவில் ஒரு பதில் இருக்கிறது. 1946இல் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை என்று ஒன்று கிளம்பியது. தோட்டம் தோட்டமாகப் பரவியது. விடியற்காலை அணிவகுப்பு, சீருடை. அவர்களின் முதல் எதிரி யார் தெரியுமா? துரைகூட இல்லை, கள்ளுக்கடை. சம்பள நாளில் கடை வாசலில் நின்று குடிகாரர்களை வழிமறித்தார்கள். கள்ளில் வருமானம் பார்த்தவர்களுக்கும், வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்ட கூலிகளைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் இது பொறுக்கவில்லை. 1947 தொடக்கத்தில் போலீஸ் வந்தது. மோதல், சாவு, சிறை. படை கலைந்தது.

வாகைப்பதியில் துவைத்த துணி, பீடோங்கில் சீருடை. அங்கே மீனும் இறைச்சியும் விலக்கு, இங்கே கள்ளு விலக்கு. வரவேண்டியவர் வந்துவிட்டால் நாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இப்போதே இருந்துகாட்டுவது. என் தாத்தா தொண்டர் படையில் இருந்தாரா என்று கேட்டு வைக்க எனக்கு அப்போது வயசில்லை. ஆனால் எண்பது வயசுவரை கள்ளைத் தொட்டதில்லை என்பதையும், காலை ஐந்தரைக்குச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார் என்பதையும் பார்த்திருக்கிறேன். நேதாஜி செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்ட எங்கள் அப்பா தலைமுறையில் எத்தனை பேர் அப்படி நின்றார்கள்?

இதை வைத்து எல்லாக் காத்திருப்பும் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் 1994இல் இறந்த சபாத் குரு ஷ்னீர்சன் திரும்பி வருவார் என்று இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள், வேறு குருவை நியமிக்கவே இல்லை. ஷோலெம் கடைசிவரை பயந்ததோ வேறொன்றுக்கு. தன் சொந்த நாட்டின் அரசியல் இந்த நெருப்பைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று. அந்தப் பயம் வீண்போகவில்லை என்று இன்றைய செய்தியைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்தில் 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று அறிவித்தபோது எங்கள் வாட்சப் குழுக்கள் ஒரு நாள் முழுக்க அழுதன, ஆடின. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனோம். அந்த அறிவிப்பு யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு துணியைக்கூட யாரும் துவைக்கவில்லை.

அகிலத்திரட்டிலும் எனக்கு உறுத்துகிற இடம் உண்டு. தர்மயுகத்தை ஆளப்போகிற மக்களுக்கு அந்த நூலில் சான்றோர் என்று பெயர். சான்றோர் யார்? குணத்தால் சான்றோரா, பிறப்பால் சான்றோரா? வைகுண்டரின் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரில் குளித்தது. தாங்கலில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் அம்மானை சான்றோருக்கு ஒரு பிறப்புக் கதையும் வைத்திருக்கிறது. அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு இது எங்கள் சாதி நூல் என்று சொல்கிறவர்களுக்கும் பிரதியில் இடம் கிடைத்துவிடுகிறது. 2024இல் தமிழ்நாட்டு ஆளுநர் வைகுண்டரைச் சனாதனத்தைக் காக்க வந்தவர் என்று சொன்னபோது கிளம்பிய சர்ச்சையில் எல்லோரும் வைகுண்டர் யாருடையவர் என்றே பேசினார்கள். சான்றோர் யார் என்று யாரும் கேட்கவில்லை. வேறுபடுகிற ஓலைப் பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, அந்தச் சொல் எங்கே எந்தப் பொருளில் வருகிறது, எந்தப் பிரதியில் எது கூடுதல் என்று பார்க்கிற ஒரு பதிப்பு வந்தால் அந்தக் கேள்வியைக் கொஞ்சமாவது பிடித்து உலுக்கலாம். அதுவரை கார்த்திகையில் பதினேழு நாள் ஏடு வாசிப்பில் உட்கார்ந்து கேட்பவர்கள் அந்தச் சொல் வரும்போது தங்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா, பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அதன் பொருள் நிற்கிறது.